வேலை அறிவிப்பு வெளிப்படையாகக் கேட்காத திறன்கள்: ஒரு வாசிப்பு முறையின் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

தக்கலையில் கணினி மையம் நடத்திவரும் நான், வேலைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயோடேட்டா தயாரித்துக் கொடுக்கிறேன். வேலை அறிவிப்பில் வெளிப்படையாக எழுதப்படாத மென்திறன்களைக் கண்டறிந்து, அவற்றுக்கேற்ப ஒவ்வொரு பயோடேட்டாவையும் மாற்றி எழுதும் முறையை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு தரவுத்தளங்களின் துணையோடு தொடர்ந்து கையாண்டு வருகிறேன். அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே பயன்படுவதில்லை என்பதை, குமரி மாவட்டத்தில் வேலை தேடுவோரை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

‘மென்திறன்கள்’ என்று தலைப்பிட்டே அறிவிப்பில் தரப்பட்டிருக்கும் பகுதியை நான் கடைசியாகத்தான் படிப்பேன். நல்ல பேச்சுத் திறன், குழுவுடன் இணைந்து பணியாற்றும் மனப்பான்மை, அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் ஆகிய மூன்றும் நகைக்கடை விற்பனையாளர் பணிக்கும் மென்பொருள் சோதனையாளர் பணிக்கும் ஒரே வரிசையில் வருகின்றன. பெரும்பாலும் பழைய அறிவிப்பிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை அவை. நிறுவனத்துக்கு உண்மையில் என்ன தேவை என்பது அன்றாடப் பணிகளை விவரிக்கும் வரிகளில் இருக்கிறது. எந்தப் பணி முதலில் சொல்லப்படுகிறது, எது இரண்டு இடங்களில் திரும்ப வருகிறது, யாருக்குக் கீழே வேலை, எந்த நேரத்தில் வேலை, தவறு நேர்ந்தால் இழப்பு யாருக்கு என்ற கேள்விகளோடு அந்த வரிகளைப் படித்தால், எழுதப்படாத எதிர்பார்ப்பு தானாகத் தெரியத் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். முந்திரி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்று கணக்கு உதவியாளர் பணிக்கு இப்படி அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘கொள்முதல் பிரிவு, கிடங்கு, தணிக்கையாளர் ஆகியோருடன் ஒருங்கிணைந்து மாதக் கணக்கை உரிய காலத்தில் முடிக்க வேண்டும்.’ படித்தவுடன் இது டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவர் செய்யக்கூடிய வேலை என்றுதான் தோன்றும். ஆனால் கொள்முதல் அலுவலரும் கிடங்குக் கண்காணிப்பாளரும் அந்த உதவியாளருக்குக் கீழே இருப்பவர்கள் அல்லர். வயதிலும் பதவியிலும் மூத்தவர்களாகவே இருப்பார்கள். ஜிஎஸ்டி கணக்கை மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனம், விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும் வரிச் சுருக்கத்துக்கான 3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் கொடுக்க வேண்டியிருப்பதால், அந்த மூத்தவர்களிடமிருந்து பில்களையும் இருப்புக் கணக்கையும் முகம் சுளிக்க வைக்காமல் உரிய நாளில் வாங்கிவிட வேண்டும். ஆகவே, தனக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் வேலையை நடத்திக்கொள்ளும் பக்குவமே அந்த அறிவிப்பு கேட்கும் உண்மையான திறன். ‘ஒருங்கிணைந்து’ என்ற சொல்லை எந்த அறிவிப்பில் பார்த்தாலும், யாரை யார் ஒருங்கிணைக்க வேண்டும், அவர்களுக்குள் மேல் கீழ் எப்படி என்று கேட்டுப் பார்ப்பது இந்த முறையிலேயே மிகுந்த பலன் தரும் பழக்கம் என்பது என் கருத்து.

1990-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் உள்ள நிறுவனங்களின் அறிவிப்புகளைக் கொண்டுவருவோர் எங்களிடம் அதிகம். குழித்துறையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தினமும் ரயிலில் போய்வருகிறவர்கள் பலர். வாடிக்கையாளர் ஆதரவுப் பணிக்கான அறிவிப்புகளில் சுழற்சி முறை ஷிஃப்ட், வாடிக்கையாளரின் புகாரை ‘டிக்கெட்’ என்ற பெயரில் பதிவு செய்தல், தீர்க்க முடியாதவற்றை மேல்நிலைக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே வருகின்றன. ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிறவர் வாடிக்கையாளரிடம் மறுபடி எதையும் கேட்காமல் வேலையைத் தொடர வேண்டும் என்பதால், தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதி ஒப்படைக்கும் திறன் அங்கே பேச்சுத் திறனைவிட முக்கியம். எதைத் தானே முடிக்கலாம், எதை மேலே அனுப்ப வேண்டும் என்று பிரித்தறியும் நிதானம் அதற்கு அடுத்தது. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களுக்கும் இது பொருந்தும். நோயாளியின் இப்போதைய நிலை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் பொறுப்பை ஒப்படைத்துப் பழகியவர்கள், அதைப் பயோடேட்டாவில் ஒரு வரியாக எழுதினாலே போதும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிக் காற்றாலைகளில் தொழில்நுட்பப் பணிக்கான அறிவிப்பு வேறு வகையானது. உயரத்தில் வேலை, இருவராகச் சேர்ந்து வேலை, மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டிச் சீட்டு மாட்டிய பிறகே பழுது பார்த்தல் என்று எழுதியிருந்தால், ‘இது பாதுகாப்பாக இல்லை’ என்று மூத்தவரிடமே சொல்லி வேலையை நிறுத்தத் துணிகிறவரை அவர்கள் தேடுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் மின் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்பதால், அந்தக் காலத்தில் விடுப்பை எதிர்பார்க்காத மனநிலையும் சொல்லப்படாத ஒரு நிபந்தனை. கன்னியாகுமரி விடுதிகளின் வரவேற்புப் பணியில் சூரிய உதயத்தை ஒட்டிய நெரிசலும், கார்த்திகை முதல் தை வரையிலான சபரிமலைப் பருவத்தில் வந்திறங்கும் பெருங்குழுக்களும் அறிவிப்பில் எழுதப்படுவதில்லை. ஆனால் இரவுப் பணி, பணம் கையாளுதல் என்ற இரண்டு சொற்களுக்குள் அவை அடங்கியிருக்கின்றன.

இனித் தரவுத்தளங்களைப் பற்றி. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ‘ஓ-நெட்’ தளத்தை நான் நீண்டகாலமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு தொழிலின் பெயரைக் கொடுத்தால் பணிகள், அறிவு, திறன்கள் ஆகியவற்றோடு ‘பணிச் சூழல்’ என்ற பகுதியும் வரும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். கோபமாகப் பேசுவோரை எவ்வளவு எதிர்கொள்ள வேண்டும், நேர நெருக்கடி எவ்வளவு, துல்லியம் எவ்வளவு முக்கியம், தவறின் விளைவு எவ்வளவு பெரியது என்று அங்கே தனித்தனியாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அறிவிப்பை எழுதியவர் கூச்சப்பட்டு விட்டுவிடும் உண்மைகள் இவைதான். அந்த மதிப்பீடுகள் அமெரிக்கப் பணியிடங்களைச் சார்ந்தவை என்பது இதன் குறை. மார்த்தாண்டத்துத் துணிக்கடையின் விற்பனைப் பணிக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. ஆங்கிலத்தில் தயக்கமுள்ளவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டியும் இருக்கும்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது நம் நாட்டின் தேசியத் தொழில் தரநிலைகள். துறைவாரித் திறன் மன்றங்கள் பல வேலைகளுக்குத் தகுதித் தொகுப்பு என்ற ஆவணத்தை வெளியிட்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் முடிவெடுத்தல், திட்டமிடல், வாடிக்கையாளரை மையமாகக் கொள்ளுதல், சிக்கலைத் தீர்த்தல் முதலான தலைப்புகளின் கீழ், ‘இதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று வரிவரியாகக் கொடுத்திருக்கிறார்கள். நடை வறண்டது, ஒரே வாக்கியம் பல ஆவணங்களில் திரும்ப வருகிறது. ஆனாலும் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்தவர்களுக்கு ஓ-நெட்டைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். அவர்கள் படித்த பிரிவைச் சார்ந்த வேலைகளின் பெயரில் ஆவணங்களைத் தேடலாம்.

திறனைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்ததைப் பெயராக எழுதாமல், நடந்த செயலாக எழுத வேண்டும். ‘சிறந்த தகவல் தொடர்புத் திறன் உடையவர்’ என்று எழுதும் இடத்தில், ‘பாறசாலைப் பக்கத்து வாடிக்கையாளர்களிடம் மலையாளத்திலும் மற்றவர்களிடம் தமிழிலும் பேசி, தீராத புகார்களை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி மேலாளரிடம் ஒப்படைத்தேன்’ என்று எழுதினால், அதே இடத்தில் மூன்று திறன்கள் சான்றோடு நிற்கும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வளர்ந்த பலருக்கு இரண்டு மொழிகளும் இயல்பாக வரும். கேட்டால், அதை ஒரு தகுதியாகவே எண்ணியதில்லை என்பார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பல ஆண்டுகள் பிசகாமல் எழுதிய ஒரு பெண், பயோடேட்டாவில் முன்னனுபவம் இல்லை என்று எழுதச் சொன்னார். அதை எழுதலாமே என்றபோது, “அதெல்லாம் ஒரு வேலையா அக்கா?” என்று கேட்டார். வங்கிக் கடன் தவணையைத் தவறாமல் கட்டவைத்ததும், பணம் தராத உறுப்பினரிடம் உறவு கெடாமல் பேசி வாங்கியதும் மேலே சொன்ன கணக்கு உதவியாளர் பணி கேட்கும் அதே திறன் அல்லவா? கோயில் திருவிழாக் குழு, ஆலய இளைஞர் இயக்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் பொறுப்பு வகித்தவர்களிடமும் இத்தகைய சான்றுகள் நிறைய இருக்கின்றன. எடுத்து எழுதத்தான் ஆளில்லை.

இதில் ஓர் எல்லையை நான் கண்டிப்பாகக் காக்கிறேன். ‘இதை எப்படிச் செய்தீர்கள்’ என்று இன்டர்வியூவில் கேட்டால் தடுமாறாமல் விளக்க முடியாத ஒரு வரியையும் சேர்ப்பதில்லை. அறிவிப்பு கேட்கும் திறன் அவரிடம் இல்லையென்றால், அதை விட்டுவிட்டு இருப்பதை முன்னுக்குக் கொண்டுவருவதே முறை.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளும் 2022-க்குப் பிறகு இந்த வேலைக்கு வந்துவிட்டன. அறிவிப்பைக் கொடுத்து மறைந்திருக்கும் திறன்களைச் சொல் என்றால் நொடியில் பட்டியல் தருகின்றன. ஆனால் எந்த அறிவிப்பைக் கொடுத்தாலும் தகவமைவு, குழுப்பணி, தலைமைப் பண்பு என்றே பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு திறனுக்கும் அறிவிப்பின் எந்த வரி ஆதாரம் என்று கேட்டால் பட்டியல் சுருங்கி உருப்படியாகிறது. பயோடேட்டா வரிகளை எழுதும் வேலையை மட்டும் நான் அவற்றிடம் விடுவதில்லை, ஏனெனில் இல்லாத அனுபவத்தையும் அழகாகச் சேர்த்துவிடுகின்றன.

மறைந்திருப்பது சில நேரங்களில் எச்சரிக்கையாகவும் இருக்கும். ஒரே பணியிடத்துக்கு மாதந்தோறும் அறிவிப்பு வந்துகொண்டிருந்தால், ‘எந்த வேலையையும் ஏற்கும் மனப்பான்மை’ என்ற வரிக்கு ஆள் பற்றாக்குறை என்றே நான் பொருள் கொள்கிறேன். அத்தகைய இடத்துக்குப் பயோடேட்டாவை மெருகேற்றும் நேரத்தை வேறோர் அறிவிப்புக்குக் கொடுப்பது நல்லது.

இந்த முறை அரசுத் தேர்வுகளுக்கு உதவாது. தேர்வாணையப் பணிகளில் எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணுக்கே பெரும் எடை என்பதால், அந்த உழைப்பை நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தின், போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் செலவிடலாம். ‘கணக்காளர் தேவை, நல்ல சம்பளம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இரண்டு வரி அறிவிப்புகளிலும் படித்துக் கண்டறிய ஒன்றுமில்லை. அங்கே நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, இது புதிய பணியிடமா, முன்பு இருந்தவர் விலகியதா, தினமும் யாருடன் வேலை செய்ய வேண்டியிருக்கும், எந்த நேரத்தில் வேலை மிகுதி என்று கேட்டுவிடச் சொல்கிறேன். முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டு விண்ணப்பிக்கலாமா என்று தீர்மானிக்கலாம். மற்ற இரண்டின் பதில்களைக் கொண்டு பயோடேட்டாவின் முதல் வரிகளை அமைக்கலாம்.