எல்ஃப்மன் வழியா, கிரீன்வுட் வழியா?

இணுவிலில் கிற்றார் வாசிக்கும் தம்பி ஒருவனிடம் குறும்படத்துக்கு இசை கேட்டிருக்கிறார்கள். "அண்ணை, நொட்டேஷன் (இசையைக் குறியீடுகளாக எழுதும் முறை) படிக்காமல் செய்யலாமோ?" என்றான்.

ஓம் என்பதற்குச் சாட்சி டானி எல்ஃப்மன். ஒயிங்கோ பொயிங்கோ ராக் குழுவின் பாடகர். இசைக்கல்லூரிப் பக்கம் போகாதவர். 1985இல் இயக்குநர் டிம் பர்ட்டன் தன் முதல் முழுநீளப் படத்துக்கு அழைத்தார். எல்ஃப்மன் அமைத்த இசையை வாத்தியங்களுக்குப் பிரித்தெழுத உதவியவர் அதே குழுவின் கிற்றார் கலைஞர் ஸ்டீவ் பார்டெக். துணைக்கு ஆள் இருந்தது, அதுதான் விஷயம்.

ரேடியோஹெட் ராக் குழுவின் கிற்றார் கலைஞர் ஜொனி கிரீன்வுட் வேறு ரகம். சிறுவயதிலேயே வயோலா, அதாவது வயலினை விடச் சற்றுப் பெரிய வாத்தியம், பழகியவர். 2007இல் இயக்குநர் போல் தோமஸ் அண்டர்சனின் படத்துக்கு வயலின் போன்ற நரம்பு வாத்தியங்களை நம்பி அவர் எழுதியதில் ராக் வாசனையே இல்லை. கையில் ஊறிய கிற்றாரைக் கீழே வைக்கத் துணிந்தாரே, எனக்கு அதுதான் பெரிது.

சரி, தம்பிக்கு? எல்ஃப்மன் வழிதான் தோது. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வயலின் படித்த யாரையாவது பிடிக்கலாம். தவிலுக்கு ஊரிலேயே பஞ்சமில்லை. "ஆனால் வசனத்துக்கு மேலே கிற்றார் சோலோ போடாதே" என்றேன். முகம் கறுத்துவிட்டது.