நிறுத்திய காரின் கணக்கை யார் எழுதுவது?

அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் உங்கள் காரை ஓரங்கட்டச் சொல்ல மிகச் சின்னக் காரணம் போதும். பின்விளக்கு எரியவில்லை, தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை, இப்படி ஏதாவது ஒன்று. விதிமீறல் என்று ஒன்று இருந்துவிட்டால், அதிகாரியின் மனதில் வேறு நோக்கம் இருந்ததா என்று தோண்டத் தேவையில்லை என 1996இல் உச்ச நீதிமன்றம் ரென் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் ‘என் நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்’ என்று ஒருவர் தனியாக நின்று நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஒரு காரை வைத்துச் சொல்ல முடியாததை ஒரு லட்சம் கார்களை வைத்துச் சொல்லலாம் என்ற நம்பிக்கையில்தான் மாநிலங்கள் கணக்கெடுக்கத் தொடங்கின. 1999இல் வட கரோலினா இதற்குச் சட்டம் போட்டது. இல்லினாயில் 2003இல் வந்த சட்டத்துக்கு முன்நின்றவர் அப்போது மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா.

சரி, கணக்கெடுக்க வேண்டும். ஓட்டுநரின் இனம் என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது? பல மாநிலங்களின் ஓட்டுநர் உரிமத்தில் அந்த விவரமே கிடையாது.

கலிஃபோர்னியாவின் வழி, அதிகாரி தன் கண்ணுக்குப் பட்டதை எழுதுவது. 2015இல் நிறைவேறிய சட்டத்தின்படி பெரிய காவல் துறைகள் 2018 ஜூலையில் தொடங்கின. ஓட்டுநரிடம் இனத்தைக் கேட்கவே கூடாது. பார்த்தபோது யார் என்று தோன்றியதோ அதையே குறிக்க வேண்டும். வயது, பாலினம், ஆங்கிலம் சரளமாகப் பேசினாரா என்பதும் அப்படித்தான்.

டெக்சாஸ் வேறு வழியாக நடந்து பார்த்தது. அங்கே மாநில ரோந்துப் போலீசார் கார்சியா, மார்ட்டினெஸ் போன்ற பெயருடைய ஏராளமான ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) ஓட்டுநர்களை ‘வெள்ளையர்’ என்றே பதிந்து வந்ததை 2015இல் ஆஸ்டின் நகரத் தொலைக்காட்சி ஒன்று வெளிக்கொண்டு வந்தது. ஏட்டில் எல்லாரும் வெள்ளையராகிவிட்டால் பாகுபாடு எங்கே தெரியும்? அதற்கப்புறம் ஓட்டுநரிடமே கேட்டு எழுதும்படி உத்தரவானது.

கேட்டு எழுதுவதுதான் துல்லியம் என்று முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யோசிக்க யோசிக்க, அது தவறான பொருளைத் துல்லியமாக அளப்பது என்று படுகிறது. கலிஃபோர்னியாப் படிவத்தில் ‘மத்திய கிழக்கு அல்லது தெற்காசியர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே கார் ஓட்டும் தமிழர் ஒருவரைக் கேட்டால் தெற்காசியர் என்பார். மங்கலான வெளிச்சத்தில் அவரைப் பார்த்த அதிகாரி ‘கறுப்பினத்தவர்’ என்று குறிக்கலாம். அந்த ஓட்டுநர் யார் என்ற கேள்விக்கு அது பிழையான விடை. எந்தப் பார்வையோடு அவரை நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கோ அதுதான் சரியான விடை. பாகுபாடு பிறப்பது பார்க்கிறவர் கண்ணில். அளக்க வேண்டியதும் அங்கேதான். இன்னொன்று: இடுப்பில் துப்பாக்கியோடு ஜன்னலருகே நிற்பவர் ‘உங்கள் இனம் என்ன?’ என்று கேட்டால், அந்தக் கேள்வியே ஒரு மிரட்டலாக இறங்கும்.

இங்கிலாந்தில் ஆளை நிறுத்திச் சோதனை போட்டால், அவர் தன்னைப் பற்றிச் சொல்வதையும், அது வேறாக இருந்தால் அதிகாரிக்குத் தோன்றியதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் சோதனை எதுவும் இல்லாமல் வண்டியை நிறுத்திக் காகிதம் மட்டும் பார்த்து அனுப்பினால் நாடு முழுமைக்குமான பதிவுக் கட்டாயம் இல்லை. பெரும்பாலான உரசல் நடக்கும் இடமே கணக்குக்கு வெளியே போய்விடுகிறது.

ஆக, என் ஓட்டு கலிஃபோர்னியாவுக்கு. ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: யாரை அளக்கிறோமோ அவர் கையிலேயே பேனா இருக்கிறது. கனெக்டிகட்டில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். மாநிலப் போலீசார் இனப் பாகுபாட்டுத் தரவுத்தளத்துக்கு அனுப்பிய டிக்கெட் (அபராதச் சீட்டு) விவரங்களை நீதிமன்றப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த தணிக்கை 2023இல் வெளியானது. 2014 முதல் 2021 வரை குறைந்தது 25,966 பதிவுகள் பொய்யாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்றது அது. நீதிமன்றத்துக்கே வராத டிக்கெட்டுகள். அவற்றில் வெள்ளையர் என்று பதியப்பட்டவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். மறு ஆண்டு வந்த தனி விசாரணை, பெரும்பாலானவை வேண்டுமென்றே செய்த மோசடி அல்ல, கவனக்குறைவும் பிழையும் என்றது. அப்படியே வைத்துக்கொள்வோம். அத்தனை ஆயிரம் பிழை உள்ளே இருந்தும் வருடா வருடம் அறிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. நீதிமன்றப் பதிவோடு ஒத்துப் பார்க்கும் வேலை இல்லாமல் எந்தப் படிவத்தையும் நான் நம்ப மாட்டேன்.

மூன்றாவது வழி, வெளியாட்கள் திரட்டுவது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தகவல் கோரிக்கைகள் போட்டு, பல மாநிலங்கள், நகரங்களிலிருந்து கிட்டத்தட்ட 10 கோடி நிறுத்தங்களின் பதிவைச் சேர்த்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். போலீசுக்குக் கட்டுப்படாத கை அது. ஆனால் போலீஸ் எழுதாததை அவர்களாலும் படிக்க முடியாது.

அவர்கள் கையாண்ட ஒரு புள்ளிவிவரச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மிசூரி மாநிலம் செய்வது போல, ஊரின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் இத்தனை சதவீதம், நிறுத்தப்பட்டவர்களில் இத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டால், ‘நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்களா?’ என்று போலீஸ் கேட்கும். நியாயமான கேள்விதான். இந்தச் சோதனைக்கு ஊர்க் கணக்கே வேண்டாம். மாலை 7 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அது வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. அதே நேரம், ஏறக்குறைய அதே ஓட்டுநர்கள். இருட்டில் முகம் தெரியாது. இருட்டியபின் நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தால், வெளிச்சத்தில் முகம் பார்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படித்தான் குறைந்திருந்தது. தெருவிளக்கு பளிச்சென்று எரியும் இடங்களில் இது வலுவிழக்கும். காரைப் பார்த்தே ஆளை ஊகித்தாலும் பிடிபடாது. ஆனாலும் வெறும் மக்கள்தொகை ஒப்பீட்டைவிட எவ்வளவோ மேல். இதற்குத் தேவையானது நிறுத்திய நேரமும் இடமும் ஒவ்வொரு வரியிலும் சரியாக இருப்பது. ஆண்டறிக்கையில் மொத்த எண்ணை மட்டும் அச்சிடும் காவல் துறை இந்தக் கதவை மூடிவிடுகிறது.

கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல் இன்னொரு விதியும் நடப்பில் இருக்கிறது. விசாரணைக் கேள்விகளைத் தொடங்கும் முன் எதற்காக நிறுத்தினேன் என்று அதிகாரி ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். டிக்கெட் கொடுத்தால் அதிலும் எழுத வேண்டும். தரவுத்தளத்தில் அவர் ஒரு காரணம் எழுதி, ஜன்னலருகே வேறு காரணம் சொல்லியிருந்தால், அதைக் காதால் கேட்ட ஒருவர் இப்போது இருக்கிறார். பல நேரம் அவர் கையில் காகிதமும் இருக்கிறது.