பிட்காயினை எந்தக் கணக்கில் வைப்பது? அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்பில் உள்ள வழிகள்

போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பார்க்கப் பென் டிரைவ் போல இருந்தது. 2017இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாங்கிச் சேர்த்த பிட்காயினுக்கான சாவி அதற்குள்தான் இருக்கிறது. “இதை அப்படியே என்னுடைய ராத் ஐ.ஆர்.ஏ.வுக்குள் போட்டுவிட முடியுமா? இனி ஏறுவதற்காவது வரி கட்டாமல் இருக்கலாமே” என்று கேட்டார்.

முடியாது என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஐ.ஆர்.ஏ. என்பது தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. அதில் ராத் என்ற வகையில் வரி கட்டிய பணத்தைப் போட்டு, ஓய்வில் வரியின்றி எடுக்கலாம். ஐ.ஆர்.ஏ.வுக்குள் ஆண்டுதோறும் போடும் தொகை ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும். கையில் இருக்கும் நாணயத்தை விற்று, அந்த லாபத்துக்கு வரி கட்டி, மிஞ்சும் டாலரைக் கணக்கில் செலுத்தி, உள்ளே போய் மறுபடியும் வாங்க வேண்டும். அமெரிக்க வருமான வரித் துறை 2014லேயே மெய்நிகர் நாணயத்தைச் சொத்து என்று வகைப்படுத்திவிட்டது. ஆகவே ஒவ்வொரு விற்பனையும் வரிக்கணக்கில் வந்தே தீரும். போடக்கூடிய தொகைக்கும் உச்சவரம்பு இருக்கிறது: 2025க்கு 7,000 டாலர், 2026க்கு 7,500. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் முறையே 1,000, 1,100 டாலர் கூடுதலாகப் போடலாம். எட்டு ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் உள்ளே நகர்த்த வழியே இல்லை.

இனிமேல் வாங்குவதை எங்கே வைப்பது என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. அதற்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் பதில் ராத். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஏன் சரி, எப்போது சரியில்லை என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் பணத்தை இறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஒரே 7,000 டாலர், நான்கு இடங்கள்

22 சதவீத வருமான வரி கட்டுபவர் ஒருவர் வரிக்கு முந்தைய 7,000 டாலரை ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு பெறும்போதும் அவருக்கு அதே 22 சதவீதம்தான். பிட்காயின் ஐந்து மடங்காகிறது.

மரபு ஐ.ஆர்.ஏ.வில் (போடும்போது வரிக் கழிவு, எடுக்கும்போது வரி) 7,000 முழுவதும் போகும், 35,000 ஆகும், எடுக்கும்போது வரி போக 27,300 கையில் நிற்கும். ராத்தில் முதலிலேயே வரி கட்டிவிடுவதால் 5,460தான் போகும். அது 27,300 ஆகி, வரியின்றி அப்படியே கைக்கு வரும். இரண்டும் ஒரே தொகை. மூலதன ஆதாயத்தைச் சாதாரண வருமானமாக மாற்றிவிடுவதால் மரபு ஐ.ஆர்.ஏ. கிரிப்டோவுக்கு ஆகாது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் கிடைத்த வரிக் கழிவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. வரி விகிதம் மாறாதவரை ராத்துக்கும் மரபுக் கணக்குக்கும் வித்தியாசம் கிடையாது.

சாதாரணத் தரகுக் கணக்கில் 5,460 போட்டால், அதுவும் 27,300 ஆகும். லாபம் 21,840. நீண்டகால ஆதாய வரி 15 சதவீதம் என்றால் 3,276 போய், 24,024 மிஞ்சும்.

நான்காவது இடம்தான் கண்ணி. அலுவலகத்தில் 401(கே) என்ற, முதலாளி வழியான ஓய்வுக்காலத் திட்டம் வைத்திருந்து சம்பளமும் கூடுதலாக இருப்பவருக்கு மரபு ஐ.ஆர்.ஏ.வுக்கான வரிக் கழிவு கிடைக்காது. 2025இல் தனிநபருக்கு 89,000 டாலர் வருமானத்தோடு அந்தச் சலுகை முற்றிலும் முடிந்துவிட்டது. கழிவு இல்லாமலே அங்கே 5,460 போட்டு அப்படியே விட்டுவைத்தால், 21,840 லாபத்துக்கும் 22 சதவீத வரி விழும். கையில் 22,495தான் நிற்கும். எந்தச் சலுகையும் இல்லாத தரகுக் கணக்கைவிட இது குறைவு! ‘ஓய்வுக்காலக் கணக்கு’ என்ற பெயரை நம்பி இப்படிப் பணத்தைக் கிடத்தி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பதறுகிறது. அந்தப் பணத்தை ராத்துக்கு மாற்றிக்கொள்ளப் பின்வாசல் வழி ஒன்று உண்டு. ஆனால் வரி கட்டாத பணம் வேறு எந்த மரபு ஐ.ஆர்.ஏ.விலாவது இருந்தால், அதையும் சேர்த்து விகிதாசாரமாகத்தான் வரி கணக்கிடப்படும். அதைப் பார்க்காமல் மாற்றக் கூடாது.

இனி எதிர்த் திசையில் போவோம். ஐந்து மடங்கு ஏறுவதற்குப் பதில் எண்பது சதவீதம் சரிகிறது. இது வெறும் கற்பனை இல்லை. 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய பிட்காயின், அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000க்கும் கீழே கிடந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் அதே பிட்காயின்தான். சரிந்தால் ராத்தில் 5,460 டாலர் 1,092 ஆகிவிடும், கதை அத்தோடு முடிந்தது. தரகுக் கணக்கிலும் 1,092தான். ஆனால் அங்கே 4,368 டாலர் நஷ்டத்தைக் கணக்கில் காட்டலாம். வேறு ஆதாயங்களோடு நேர் செய்தது போக, ஆண்டுக்கு 3,000 டாலர்வரை சம்பள வருமானத்திலிருந்தே கழிக்கலாம், மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். 22 சதவீதத்தில் ஏறக்குறைய 961 டாலர் திரும்பி வரும்.

ஏறினால் ராத்தின் வரிச் சலுகை 3,276 டாலர். இறங்கினால் தரகுக் கணக்கின் ஆறுதல் 961. எனக்கு ராத் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. ஆனால் இறங்கும்போது ராத்தில் இன்னொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஆண்டுக்கான வரம்பில் 5,460 டாலர் இடம் போனது போனதுதான், திரும்ப நிரப்ப முடியாது. அந்த இடத்தில் சாதாரணக் குறியீட்டு ஃபண்டு ஒன்றை வைத்திருந்தால் முப்பது ஆண்டுகள் சலுகையோடு வளர்ந்திருக்கும். ராத்தில் கிரிப்டோ வைக்கிறவர் தன் பணத்தோடு அந்த இடத்தையும் பணயம் வைக்கிறார்.

தரகுக் கணக்கில் நேரடி நாணயம் வைத்திருப்பவருக்கு இன்றைய சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. நஷ்டத்தில் விற்று மறுநாளே திரும்ப வாங்கினாலும் நஷ்டத்தைக் காட்டலாம், ஏனென்றால் முப்பது நாளுக்குள் திரும்ப வாங்கினால் நஷ்டத்தைக் காட்ட முடியாது என்ற விதி பங்குகளுக்கும் பத்திரங்களுக்கும் மட்டும்தான். பிட்காயினை வாங்கி வைத்து, பங்குபோல் சந்தையில் விற்கப்படும் இ.டி.எஃப். ஃபண்டு வைத்திருப்பவர் அந்த விதி தனக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

உள்ளே எந்த வடிவில் வாங்குவது?

2024 ஜனவரிக்கு முன் இந்தக் கேள்விக்கு நல்ல பதிலே இல்லை. பிட்காயினை வாங்கி வைத்திருந்த கிரேஸ்கேல் டிரஸ்ட் என்ற நிதியின் பங்குகளை வாங்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் அவை, உள்ளே இருந்த பிட்காயினின் மதிப்பில் ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் விற்றன. 2024 ஜனவரி 10 அன்று பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையமான எஸ்.இ.சி. பிட்காயினையே நேரடியாக வைத்திருக்கும் ‘ஸ்பாட்’ இ.டி.எஃப்.களுக்கு அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் ஈத்தர் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்துக்கான ஃபண்டுகளும் வந்தன. இன்று பெரும்பாலான தரகு நிறுவனங்களில், ஏற்கெனவே உள்ள ஐ.ஆர்.ஏ.வுக்குள் ஆப்பிள் பங்கு வாங்குவதுபோல் இவற்றை வாங்கலாம். பிளாக்ராக், ஃபிடெலிட்டி ஃபண்டுகளின் ஆண்டுக் கட்டணம் 0.25 சதவீதம். கிரேஸ்கேலின் பழைய ஃபண்டு 1.5 சதவீதம் வாங்குகிறது, அதே நிறுவனத்தின் மினி டிரஸ்ட் 0.15தான். ஒரே பிட்காயினுக்குப் பத்து மடங்கு கட்டணம்! பெயரைப் பார்த்து வாங்காமல் கட்டணத்தைப் பார்த்து வாங்குங்கள்.

நேரடியாக நாணயத்தையே வைத்திருக்கும் கிரிப்டோ ஐ.ஆர்.ஏ.க்கள் இதற்குப் போட்டி. ஃபிடெலிட்டி 2025இல் இப்படி ஒன்றைத் தொடங்கியது. கணக்குக் கட்டணம் இல்லை, வாங்கும்போதும் விற்கும்போதும் விலையில் ஒரு சதவீதம் வைத்துக்கொள்கிறார்கள். போய்வர இரண்டு சதவீதம் என்று கொள்ளுங்கள். ஆண்டுக்கு 0.25 கொடுக்கும் இ.டி.எஃப். எட்டாவது ஆண்டில்தான் அந்த அளவைத் தொடும். ஆகவே இருபது ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்கப்போகிறவருக்கு நேரடி நாணயமே மலிவு. இதைப் போட்டுப் பார்த்தபோது நானே வியந்தேன், இ.டி.எஃப்.தான் எப்போதும் மலிவு என்று நினைத்திருந்தேன்.

ஆனாலும் நான் இ.டி.எஃப். பக்கமே நிற்கிறேன். காரணம் பட்டறிவு. சில ஆண்டுகளுக்கு முன் கிரிப்டோவுக்கென்றே உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில் ஐ.ஆர்.ஏ. திறந்திருந்தேன். வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டபோது, நாணயமாக அனுப்ப மாட்டோம், விற்று ரொக்கமாகத்தான் அனுப்புவோம் என்றார்கள். விற்பனைக் கட்டணம், கணக்கு மூடும் கட்டணம், காசோலை வந்து சேர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் விலை எங்கோ போய்விட்டது. தரகு நிறுவனங்களுக்கிடையே இ.டி.எஃப். பங்குகளை விற்காமலே மாற்றிவிடலாம். தரகு நிறுவனம் நொடித்துப்போய்ப் பங்குகள் காணாமல் போனால் எஸ்.ஐ.பி.சி. என்ற முதலீட்டாளர் பாதுகாப்பு அமைப்பின் காப்பு 5 லட்சம் டாலர்வரை இருக்கிறது. விலை சரிவுக்கு அது பொருந்தாது. நேரடி நாணயத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, வங்கி வைப்புக் காப்பீடும் இல்லை. 2022 பிப்ரவரியில் ஐ.ஆர்.ஏ. ஃபைனான்சியல் டிரஸ்ட் வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து 3.6 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. அவற்றை வைத்திருந்த ஜெமினி பரிவர்த்தனை நிலையத்தின்மீது அந்த நிறுவனம் வழக்குப் போட்டது. ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்கள் நடுவில் நின்றார்கள்.

இ.டி.எஃப்.களுக்கும் ஒரு குறை உண்டு. பல ஃபண்டுகளின் பிட்காயின் காயின்பேஸ் என்ற ஒரே நிறுவனத்தின் காவலில் குவிந்திருக்கிறது. ஃபிடெலிட்டி தன் துணை நிறுவனத்திலேயே வைத்துக்கொள்கிறது. இரண்டு ஃபண்டுகளாகப் பிரித்து வைப்பவர்கள் காவலையும் பிரித்துப் பார்த்தால் நல்லது.

ஐ.ஆர்.ஏ.வின் பெயரில் ஓர் எல்.எல்.சி. (வரம்புள்ள பொறுப்பு நிறுவனம்) தொடங்கி, அதன் மேலாளராக நீங்களே இருந்து, சாவியையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழியைத் தயவுசெய்து தொடாதீர்கள். 2021 நவம்பரில் வரி நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐ.ஆர்.ஏ.வுக்குச் சொந்தமான எல்.எல்.சி. வாங்கிய தங்க நாணயங்களை ஒருவர் வீட்டில் வைத்திருந்தார். அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்ததாகவே நீதிமன்றம் கருதி வரி விதித்தது. அது பிட்காயின் வழக்கு இல்லைதான். ஆனால் தங்குதடையின்றி உங்கள் கைக்குள் இருக்கிறதா என்ற அதே கேள்வி வீட்டு அலமாரியில் உள்ள கருவிக்கும் எழும். தன் கணக்கோடு தானே செய்யக் கூடாத, ‘விலக்கப்பட்ட பரிமாற்றம்’ என்று முடிவானால் அந்த ஐ.ஆர்.ஏ. முழுவதுமே ஆண்டின் முதல் நாளிலேயே கலைந்ததாகக் கொள்ளப்படும். ஐம்பத்தொன்பதரை வயதுக்குள் என்றால் பத்து சதவீத அபராதமும் சேரும். சாவி உன் கையில் இல்லையென்றால் நாணயமும் உன்னுடையது இல்லை என்று நம்புகிறவர்கள் அந்த நம்பிக்கையை ஐ.ஆர்.ஏ.வுக்கு வெளியே வைத்துக்கொள்வதே நல்லது.

401(கே) பற்றி அதிகம் சொல்ல இல்லை. பட்டியலில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது உங்கள் முதலாளி. 2022 மார்ச்சில் கிரிப்டோவைச் சேர்ப்பது பற்றித் தொழிலாளர் துறை முதலாளிகளை எச்சரித்தது, 2025 மே மாதம் அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது, ஆகஸ்டில் அதற்கு வழிவிடச் சொல்லிக் குடியரசுத் தலைவரின் ஆணையும் வந்தது. பட்டியலில் இருந்தாலும் நான் அங்கே தொடமாட்டேன். முதலாளி தரும் பங்கும் குறியீட்டு ஃபண்டும் அமைதியாக வளரட்டும். என் கிரிப்டோ மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு மூன்று, ராத்தில், இ.டி.எஃப்.ஆக இருக்கிறது.

நண்பரின் கருவி

அவருடைய பழைய நாணயங்களை விற்க வேண்டாம் என்றே சொன்னேன். அவர் காலத்துக்குப் பின் அவை குடும்பத்துக்குப் போனால், இறந்த நாளின் சந்தை விலையே புதிய அடக்க விலையாகிவிடும். அதுவரை ஏறியதற்கு யாரும் ஆதாய வரி கட்ட வேண்டியதில்லை. மரபு ஐ.ஆர்.ஏ.வுக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் வரி கட்டாமல் இருந்த ஒவ்வொரு டாலரும், வாரிசு எடுக்கும்போது அந்த வாரிசின் வருமானம். ராத்தைப் பிள்ளைகள் பொதுவாகப் பத்து ஆண்டுக்குள் காலி செய்ய வேண்டும், ஆனால் வரியில்லை. இனி வாங்குவதை மட்டும் ராத்தில் இ.டி.எஃப்.ஆக வாங்குவதாக ஒப்புக்கொண்டார். அங்கேயே கைப்பேசியில் கணக்கைத் திறந்து, வாரிசு என்ற இடத்தில் மனைவியின் பெயரை நிரப்பினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு மேசைமேல் இருந்த கருவியைக் காட்டி, இது தொலைந்தால் மீட்பதற்கான 24 சொற்களை எழுதிய தாள் எங்கே என்று கேட்டேன். பழைய புத்தகம் ஒன்றுக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். எந்தப் புத்தகம் என்று அவர் மனைவிக்குத் தெரியுமா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், கைப்பேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார்.