மடைக்குப் பலகையா, திருகு ஷட்டரா?

தாமிரபரணியில் பிரிகிற கன்னடியன் கால்வாயின் தலைமடைகள் எல்லாம் அரசுத் துறையின் பொறுப்பு. உள்ளே வயக்காட்டுக்குப் பிரிகிற சின்ன மடைகள் ஊர்க்காரர்கள் தலையில். எங்கள் மடை மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அதிலிருந்த இரும்பு ஷட்டர் பாதி திறந்தபடியே துருவேறி நின்று பல வருஷம். போன கோடையில் கால்வாயில் தண்ணீரை நிறுத்தி அடைப்பு விட்ட சமயம், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மரத்துண்டுகளை அடுக்கி அடைக்கிற பழைய பலகைக்கே திரும்பினோம். "நல்லதை விட்டுட்டுப் பழசுக்குப் போறீங்களே" என்று கேட்காத ஆள் இல்லை.

குளத்துக்குள் முங்கித் திறக்கிற கல் மடையான குமிழியை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. மூச்சடக்கிப் போய் அதன் அடைப்பைப் பிடுங்க இன்றைக்கு யாரைக் கூப்பிடுவது?

ஷட்டரின் வசதி தெரிந்ததுதான். ஒற்றை ஆள் திருகினால் போதும், கால் நனையாது. அடிவழியாகத் திறப்பதால் வண்டலும் கூடவே போய்விடும். இன்னொன்று, கால்வாயில் நீர்மட்டம் நாலு விரல் இறங்கினாலும் ஷட்டருக்கு அடியில் போகிற தண்ணீர் கொஞ்சம்தான் குறையும். பலகைக்கு மேலே வழிகிற தண்ணீரோ பாதியாகிவிடும். கடைமடைக்காரர் இதைச் சொல்லித்தான் சண்டைக்கு வந்தார். அவர் சொன்னது சரி.

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் கதை மாறுகிறது. அடைப்புக் காலம் முழுக்கத் திருகுத் தண்டு வெயிலில் காய்கிறது. கிரீஸ் போட்டால் மரைக்குள் மணலும் வைக்கோல் தூசும் ஒட்டிக்கொள்கின்றன, போடாவிட்டால் துரு. முதல் வருஷம் ஆர்வமாய் ஒருவர் துடைத்தார். அடுத்த வருஷம் எல்லாரும் இன்னொருவர் செய்வார் என்றிருந்தோம். அப்புறம் கைப்பிடி காணாமல் போனது, பழைய இரும்புக்கு. கார் என்கிற முதல் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வந்துவிட்ட அவசரத்தில் கடப்பாரையைச் செருகித் திருகினோம், தண்டு வளைந்துவிட்டது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றால், சட்டத்தை கான்கிரீட்டுக்குள் புதைத்திருக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது அதை உடைக்க முடியுமா? அந்தப் பூ, அதாவது அந்தப் போகம் முழுக்க மணல்மூட்டைதான்.

பலகைக்கு வேண்டியது இரண்டு பக்கக் கல்லிலும் பலகை இறங்க ஒரு காடி, அதாவது பள்ளம், அவ்வளவே. பச்சைப் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதால், இடித்த ஓட்டு வீட்டின் பனங்கைமரத்தை வாங்கினோம். மரத்தின் மெத்தென்ற சோற்றைச் செதுக்கி, கெட்டியான வைரத்தை மட்டும் வைத்து, நாலு அங்குல உயரத்தில் ஒன்பது துண்டு. ஒன்றன்மேல் ஒன்றாய் இறக்கி, சந்தில் வைக்கோலும் களிமண்ணும் திணிக்கிறோம். ஒழுக்கு இல்லாமலில்லை. ஊறினபின் குறைகிறது. அடியில் சேர்கிற வண்டலை அடைப்புக் காலத்தில் மண்வெட்டியால் அள்ள வேண்டும், அது ஒரு நாள் வேலை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் ஒரு காரும், அடுத்த போகமான ஒரு பிசானமும்தான் அனுபவம். பத்தடி அகல மடைக்கு என் பேச்சைக் கேட்க வேண்டாம். ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். அந்த அகலத்தில் அடிப்பலகை காடியோடு ஒட்டிக்கொண்டு வராது. எங்கள் மடையிலேயே கடைசி இரண்டைத் தூக்க ஆள் இரண்டு வேண்டும்.

பிசானத்தின் நடுவில், மேலிருந்து நாலாவது துண்டு முறிந்தது. வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சி காலையில் வந்து சொன்னார். யாரோ வீட்டுக் கொல்லையில் வேப்பங்கட்டை கிடந்தது. சாயங்காலம் விளக்கு வைக்குமுன் மடை அடைபட்டுவிட்டது.