பட்டரா மாஜரினா, மேப்பிளா கள்ளச் சிரப்பா?

போன ஞாயிறு மகளுக்கு பான்கேக் சுட்டுக் குடுக்கேக்க அம்மாவும் வந்திருந்தா, மேசையில ரெண்டு போத்தலும் ரெண்டு பட்டரும் வைச்சிருந்தனான், வேணுமெண்டுதான் வைச்சனான், ஏனெண்டா இந்தச் சண்டை எங்கட வீட்டில கனகாலமா நடக்குது. ஒரு பக்கம் உப்புப் போட்ட உண்மைப் பட்டரும், மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சின மேப்பிள் சிரப்பும். மற்றப் பக்கம் மாஜரின் (தாவர எண்ணெயில செய்யிற பட்டர் மாதிரிச் சாமான்) டப்பாவும் 'டேபிள் சிரப்' எண்டு எழுதின பிளாஸ்டிக் போத்தலும், அதைத்தான் கள்ளச் சிரப் எண்டுறன். நான் முதல் கட்சி. ஆனா வளர்ந்தது மற்றக் கட்சியில, அதை முதலே சொல்லிப்போடுறன்.

94ல கனடாவுக்கு, ரொறன்ரோவில இருக்கிற ஸ்காபரோவுக்கு வரேக்க எனக்கு எட்டு வயசு. ஊரில பாணுக்குச் சம்பல், இல்லாட்டிப் பருப்பு, கொஞ்சம் வசதியான நாளெண்டா மாஜரின் பூசி மேல சீனி தூவித் தருவா அம்மம்மா, கடிக்கேக்க சீனி நறநறக்கும். அதைத்தான் நாங்கள் 'பட்டர் பாண்' எண்டு சொன்னனாங்கள், உண்மைப் பட்டர் எப்பிடி இருக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இங்க வந்து பேஸ்மென்ட் வீடு, அப்பா ரெண்டு வேலை, அம்மா பக்டரி, எது மலிவோ அது வீட்டுக்கு வரும். 907 கிராம் மாஜரின் டப்பா முடிஞ்சா அம்மா கழுவிக் கறி போட்டு வைப்பா, அதால ஃபிரிஜில எப்பவும் ஒரே மாதிரி அஞ்சாறு டப்பா, பாணுக்குப் பூசலாமெண்டு திறந்தா கத்தரிக்காய்க் குழம்பு கிடக்கும். இங்க வளர்ந்த தமிழ்ப் பெடியளுக்கு இது விளங்கும்.

சிரப் கதைக்கு வாறன், அதுதான் பெரிய கதை.

ஐஞ்சாம் வகுப்பிலயோ என்னவோ மார்ச் மாசம் பள்ளிக்கூடத்தால சுகர் புஷ்ஷுக்கு, அதான் மேப்பிள் நீர் இறக்கிற மரக்காட்டுக்கு, கூட்டிக்கொண்டு போனவை. பனி இன்னும் கரையேல்ல, மரத்தில வாளி தொங்குது, சொட்டுச் சொட்டா விழுது. எனக்குப் பக்கெண்டுது, ஏனெண்டா இது எங்கட பனைமரக் கதைதானே, முட்டி கட்டிக் கருப்பணி இறக்கிக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கிறது. பனையில முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசுவினம், இல்லாட்டி வெயிலுக்குப் புளிச்சுக் கள்ளாப் போயிடும். இங்க சுண்ணாம்பு தேவையில்லை, குளிரே அந்த வேலையைச் செய்யுது. இரவு உறையவேணும், பகல் கொஞ்சம் சூடாக வேணும், அப்பத்தான் நீர் ஓடும், மரம் மொட்டு விடத் தொடங்கினா கதை முடிஞ்சுது. அந்த நீரை நக்கிப் பாத்தன், கருப்பணி குடிச்ச வாய்க்கு அது வெறும் தண்ணி. ரெண்டு வீதம் அளவுதான் சீனி இருக்குமாம், அதால கிட்டத்தட்ட 40 லீற்றர் நீரைக் காய்ச்சினா ஒரு லீற்றர் சிரப். வெள்ளைக்காரர் வர முதலே அனிஷினாபே, ஹோடெனோஷோனி எண்ட இங்கத்தைப் பூர்வீகக் குடி ஆக்கள் இதைச் செய்தவை எண்டு அந்த வழிகாட்டி மனுசி சொன்னா.

கடைசியா ஒரு சின்னக் கப்பில சூடா உண்மைச் சிரப் ஊத்தித் தந்தவை. உண்மையைச் சொல்லட்டே? பிடிக்கேல்ல. தண்ணியா இருக்கு, மரக்கட்டை மாதிரி ஒரு வாசம், கொஞ்சம் கருகின மாதிரி வேற. மனசுக்குள்ள 'இவங்கள் எங்களை ஏமாத்திறாங்கள், நல்ல சிரப் எங்கட வீட்டிலதான் இருக்கு' எண்டு நினைச்சன். நாக்கு முதல்ல எதைப் படிச்சுதோ அதுதான் அதுக்கு ஒறிஜினல், பிறகு வாற அசல் கள்ளமாத் தெரியும். அந்தக் கருகின வாசத்தை நான் தேடிப்போகத் தொடங்கினது இருவது வயசுக்குப் பிறகுதான், அதுவும் வேலையில ஒரு கியூபெக் மாகாணத்துப் பெடியன் தன்ர சித்தப்பா காய்ச்சினதெண்டு ஒரு பேணி கொண்டுவந்து தந்ததால.

சரி, ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பம். மேப்பிள் பேணியில என்ன போட்டிருக்கெண்டு பாத்தா ஒரே ஒரு பொருள், மேப்பிள் சிரப். பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பினா சோளத்தில செய்த குளுக்கோஸ், தண்ணி, கறமல் கலர், வாசத்துக்கு ஏதோ, கெட்டியாக்க ஏதோ, பழுதாகாமல் இருக்க ஏதோ. மேப்பிள் சிரப் எண்டு அதில போட ஏலாது.

அந்த 'வாசத்துக்கு ஏதோ' எண்டதில ஒரு பகிடி இருக்கு. மேப்பிள் வாசம் வரவைக்கிறதுக்குக் காலங்காலமாப் பாவிக்கிற சாமான்களில ஒண்டு எங்கட வெந்தயம்! வெந்தயத்தில இருக்கிற சோட்டலோன் எண்ட சாமான்தான் அந்த மணத்தைக் குடுக்கிறது. 2005ல இருந்து நியூயோர்க் நகரத்தில இடைக்கிடை ஊரெல்லாம் மேப்பிள் சிரப் மணந்திருக்கு, சனம் பயந்து போன் அடிச்சிருக்கு, கடைசியா 2009ல கண்டுபிடிச்சினம், ஆத்துக்கு அங்கால நியூஜெர்சியில ஒரு வாசனைப் பக்டரியில வெந்தயம் பதப்படுத்தினதாம். ஒரு தமிழ் அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் நிப்பாட்டியிருந்தா ஒரு நிமிசத்தில சொல்லியிருப்பா.

அப்ப ருசியில என்ன வித்தியாசம் எண்டு கேட்டா, கள்ளச் சிரப் ஒரு இனிப்பு, ஒரு வாசம், அவ்வளவுதான், முதல் வாயும் கடைசி வாயும் ஒண்டு. மேப்பிளில முதல்ல இனிப்பு, பிறகு ஒரு மரவாசம், கடைசியா நாக்கின்ர ஓரத்தில லேசான ஒரு கசப்பு. அதோட அது தண்ணி மாதிரி இருக்கிறதால பான்கேக்குக்குள்ள ஊறும். கள்ளச் சிரப் ஊறாது, மேலேயே நிண்டு வழியும், விளம்பரப் படத்துக்கு வடிவுதான்.

பட்டர் பக்கம் எனக்கு இவ்வளவு நீட்டிக் கதைக்க ஒண்டுமில்லை, ஏனெண்டா அதில சந்தேகமே இல்லை. பட்டர் 32-35 பாகை சூட்டில உருகும், வாய் அதைவிடச் சூடு, அதால நாக்கில வைச்ச உடன காணாமல் போகும். அதில கொஞ்சம் பால்சத்தும் இருக்கிறதால தாச்சியில போட்டா நுரைச்சு, பிறகு பொன்னிறமாகி, நெய் உருக்கேக்க அடியில தங்குமே அந்த மண்டியின்ர வாசம் வரும். மாஜரின் எவ்வளவு காய்ச்சினாலும் அப்பிடி வராது. அது ஃபிரிஜில இருந்து எடுத்த கையோட பூசலாம், பாண் கிழியாது, அந்த ஒரு விசயத்தில மட்டும் மாஜரின் வெண்டுது. பட்டரை ராத்திரியே வெளியில எடுத்து வைக்க வேணும், மறந்தா பாண் ஓட்டை. அதுவும் 2021ல கனடாப் பட்டர் அறைச் சூட்டிலயும் இளகேல்ல எண்டு நாடே சண்டை பிடிச்சுது, மாட்டுக்குப் பாம் எண்ணெய்க் கொழுப்புத் தீனி போட்டதால எண்டு சொல்லி. நானும் அப்ப கத்தியால செதுக்கினனான்.

இதைவிட விசித்திரம், மாஜரினை இந்த நாட்டில 1886ல இருந்து 1948 மட்டும் தடை செய்து வைச்சிருந்தவங்கள், இடையில முதலாம் உலகப்போர் நேரம் தொடங்கி 1923 மட்டும் விட்டவங்கள். கியூபெக்கில 2008 மட்டும் மாஜரினுக்கு மஞ்சள் கலர் அடிச்சு விக்க ஏலாது, பட்டர் எண்டு சனம் ஏமாந்துபோகுமாம். அதே கியூபெக்தான் மேப்பிளுக்கு எண்ணெய் நாடுகள் மாதிரி கையிருப்புக் களஞ்சியம் வைச்சிருக்கு, 2011-12ல அங்க இருந்து கிட்டத்தட்ட 3000 தொன் சிரப் களவு போச்சு, களவெடுத்தவங்கள் பீப்பாவில தண்ணி நிரப்பி வைச்சிட்டுப் போனவங்கள். பட்டருக்கும் பாணிக்கும் இவ்வளவு சீரியஸா இருக்கிற இடத்தை நான் வேற காணேல்ல.

காசைப் பாத்தா கள்ளக் கட்சிதான் வெல்லும், அதில வாதாட ஒண்டுமில்லை, ஒரு லீற்றருக்குக் கணக்குப் பாத்தா மேப்பிள் நாலு மடங்கு கிட்ட வரும். எங்கட அம்மா அப்பாவைக் குறை சொல்லவும் மாட்டன், வாடகை கட்டவேணும், ஊருக்குக் காசு அனுப்பவேணும், அதுக்குள்ள ஆர் மேப்பிளைப் பாக்கிறது. உடம்புக்கு எது நல்லதெண்டு கேக்காதேங்கோ, மேப்பிளும் சீனிதான், பட்டரும் கொழுப்புத்தான், அப்பாவுக்குக் கொலஸ்ரோல் எண்டு டொக்டர் மாஜரினுக்கு மாத்தச் சொன்னவர். பழைய மாஜரினில இருந்த, இருதயத்துக்குக் கூடாத ட்ரான்ஸ் கொழுப்புக்கு 2018ல இங்க தடை வந்திட்டுது, அதால இப்ப மாஜரினைப் பேயா பிசாசா பாக்கத் தேவையில்லை. ருசியில்லை, அவ்வளவுதான் என்ர முறைப்பாடு.

இனி ஞாயிற்றுக்கிழமைச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னனான். மகள் பிறந்ததில இருந்து மேப்பிள் சாப்பிட்டவள், கள்ளச் சிரப்பை ஒரு வாய் வைச்சிட்டு 'இது மிட்டாய் மாதிரி இருக்கு' எண்டு தள்ளிப்போட்டாள் (சின்னனில நான் மேப்பிளைத் தள்ளின அதே முகம்). மாஜரினைக் கண்டுபிடிக்கேல்ல, சூடான பான்கேக்கில சிரப் ஊத்தினாப் பிறகு எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான், பாண் துண்டில பூசினா உடன தெரியும். அம்மா கள்ளச் சிரப்பை மணந்து பாத்திட்டு 'வெந்தயம் வறுத்த மாதிரிக் கிடக்கு' எண்டா. நான் அவவுக்கு அந்த நியூயோர்க் கதையைச் சொன்னதே இல்லை.

கடையில போய் நிண்டு எதை எடுக்கிறதெண்டு யோசிக்கிற எங்கட ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். மேப்பிளில நாலு நிறம் வரும், மெல்லிய பொன்னிறத்தில இருந்து கடும் கறுப்பு மட்டும். பனங்கட்டி, கித்துள் பாணி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு பொன்னிறம் சரிவராது, 'டார்க்' எண்டு போட்டிருக்கிறதை எடுங்கோ. 540 மில்லி தகரப் பேணிதான் லாபம், உடைச்ச உடன கண்ணாடிப் போத்தலுக்கு மாத்தி ஃபிரிஜில வையுங்கோ, வெளியில வைச்சா பூஞ்சணம் பிடிக்கும், நான் ஒருக்கா அரைப் பேணி கொட்டினனான். பட்டர் உப்புப் போட்டது பாணுக்கு, போடாதது கேக்குக்கு.

அம்மாவுக்கு மட்டும் அந்தப் பிளாஸ்டிக் போத்தலை நான்தான் இப்பவும் வேண்டிக் குடுக்கிறனான். வெந்தயம் எண்டு கண்டுபிடிச்ச கையோட அதையேதான் பான்கேக்கில ஊத்திச் சாப்பிட்டவா. ஏனம்மா எண்டு கேட்டா, 'உது ஓடுது, இது நிக்குது' எண்டா.