சிப்பிப்பாறைக் குட்டிக்குச் சாப்பாடு: 14 மாத அனுபவம்

சிப்பிப்பாறை நம்மூர் வேட்டைநாய் இனம். என்னுடையது செவலை நிறப் பெட்டைக் குட்டி. 45 நாளில் கோவில்பட்டிக்குத் தூக்கி வந்தபோது எடை இரண்டரை கிலோ. இப்போது 14 மாதம், 17 கிலோ. நடுவில் முதல் இரண்டு மாதம் நான் போட்ட சாப்பாடு தப்பு. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

குட்டியைக் கொடுத்தவர் கேப்பைக்கூழும் பாலும் ஊற்றி வளர்த்திருந்தார். பசும்பாலைத் தொடர்ந்தேன், மூன்றாம் நாளே வயிற்றால் போக ஆரம்பித்தது. தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே வருமாம். பாலை நிறுத்தினேன், தயிர் ஒத்துக்கொண்டது.

அடுத்து கறி. வேட்டைநாய்க் குட்டி, கறி தின்றால்தானே எலும்பு முறுக்கேறும் என்று நினைத்து, எலும்பு நீக்கிய கோழியை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து நாளுக்கு நாலு வேளை வைத்தேன். தட்டை நக்கிப் பளபளவென்று ஆக்கிவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றரை மாதத்தில் நடை மாறியது. முன்னங்கால் மணிக்கட்டு கீழே படிந்து, பாதம் பரந்து, இடது கால் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. மாடிப்படி ஏறாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் முறிவு இல்லை, எலும்பு அடர்த்திதான் குறைவு என்றார். "எலும்பில்லாத கறியும் சோறும் மட்டுமா குடுக்குறீங்க?" என்று அவர் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

கணக்கு இதுதான். 100 கிராம் கோழிச் சதையில் கால்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம், பாஸ்பரஸ் 200க்குப் பக்கம். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ இருக்க வேண்டும். வெளியிலிருந்து வராத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். சோறும் அதைச் சரிக்கட்டாது. கேப்பையில் நிறைய இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள், அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். கூழில் தண்ணீர்தான் பாதிக்கு மேல்.

சரி, கால்சியம் சிரப் ஊற்றினால் தீர்ந்தது என்று ஒரு கடையில் பாட்டிலை நீட்டினார்கள். நல்லவேளை, வாங்கிய கையோடு டாக்டரிடம் காட்டினேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், கூடுதலாக வரும் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும்; கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் அதுவும் எலும்பைக் கெடுக்கும். பாட்டில் திறக்காமலே கிடக்கிறது.

அதிலிருந்து பாக்கெட்டில் வரும் உலர்ந்த நாய்த் தீனிக்கு மாறினேன். பாக்கெட்டின் பின்பக்கத்தில் நான் தேடுவது இரண்டே விஷயம்: வளரும் குட்டிக்கான முழு உணவு என்று இருக்க வேண்டும், கால்சியம், பாஸ்பரஸ் இரண்டின் அளவும் அச்சிட்டிருக்க வேண்டும். என்னுடையதில் 1.2 சதவீதம், 1 சதவீதம். ஒரு வாரம் பழைய சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்தேன். மேலே முட்டை, தயிர், வேகவைத்த பூசணி என்று எது சேர்த்தாலும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆறு வாரத்தில் மணிக்கட்டு நிமிர்ந்தது. மலம் கெட்டியாக, அளவு குறைவாக வந்தது. வீடு துடைக்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. ஆறு மாதத்தில் நாளுக்கு 300 கிராம் தின்றது, 10 கிலோ மூட்டை ஒரு மாதம்தான். கோழிக்கறிச் செலவைவிடக் கூடுதல். ஐப்பசி மழையில் வாய் திறந்த மூட்டை சிக்கு வாடை அடித்தது, அதன்பின் எவர்சில்வர் டின்னுக்கு மாற்றினேன். சித்திரை வெயிலில் உலர்ந்ததைத் தொடவே மாட்டாள். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் தின்பாள்.

வீட்டில் பெரிய போராட்டம் அப்பத்தாவோடுதான். "எலேய், மாத்திரை கணக்கா எதையோ போடுத, வாயில்லா சீவனுக்கு ஒரு வாய் சோறு வச்சா என்னல?" என்று சாம்பார் சாதத்தைத் தள்ளிவிடுவாள். வெங்காயம் நாய் ரத்தத்தைக் கெடுக்கும், சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வெறும் தயிர்சாதத்துக்கு ஒப்பந்தம் ஆனது, வாரத்தில் ஒருநாள், ஒரே கரண்டி. டீயில் நனைத்த பிஸ்கட் மட்டும் இன்னும் எனக்குத் தெரியாமல் நடக்கிறது என்று சந்தேகம்.

தெருவில் கேட்பார்கள், "விலா எலும்பு தெரியுதே, பட்டினி போடுதீகளா?" என்று. சிப்பிப்பாறைக்கு அது உடல்வாகு. கடைசி விலா லேசாகத் தெரிய வேண்டும், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தக் கூடாது. மாதம் ஒருமுறை கையால் தடவியும் எடை போட்டும் பார்த்துத்தான் அளவைக் கூட்டிக் குறைக்கிறேன். மூன்று வேளை ஆறு மாதத்தில் இரண்டானது, 12 மாதத்தில் பெரிய நாய்த் தீனிக்கு மாற்றினேன்.

இடது முன்னங்கால் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. கண்மாய்க் கரையில் ஓடும்போது தெரியாது. தட்டுக்காக வாசலில் நிற்கும்போது தெரியும்.