கோத்தகிரியில் கோடோசோஷியல்: இரண்டு மழைக்காலம் தாண்டிய ஒரு குட்டி சர்வர்

கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. அக்கம்பக்கத்துக்காரர்கள் சிலர் மட்டும் எழுதும், கோடோசோஷியல் என்ற மென்பொருளில் ஓடும் ஒரு சோஷியல் சர்வர், அப்படி இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது.

இதே மாதிரி சமூகவலை மென்பொருளான மாஸ்டடானுக்கு போஸ்ட்கிரஸ், ரெடிஸ், சைட்கிக் என்று துணை மென்பொருள்கள் எல்லாம் வேண்டும். கோடோசோஷியல் ஒரே ஒரு பைனரி (ஓடும் ஃபைல்), அதற்கு எஸ்கியூலைட் என்ற எளிய டேட்டாபேஸ் போதும். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, 2 ஜிபி நினைவகத்தோடு, தாராளம். இரண்டும் பேசுவது, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018இல் தரமாக்கிய ஆக்டிவிட்டிபப் என்ற பொது மொழி என்பதால் மாஸ்டடான்காரர்களோடு தொடர்பு அறுவதில்லை. பதிவு எழுத டஸ்கி மாதிரி ஒரு செயலி வேண்டும். டொமைன் பெயரை மட்டும் யோசித்து வையுங்கள். மற்ற சர்வர்களோடு பேசத் தொடங்கியபின் மாற்ற வழியில்லை.

முதலில் போவது எஸ்டி கார்டு. டேட்டாபேஸ் ஓயாமல் எழுதும், நடுவில் கரண்ட் போகும், ஃபைல் சிதையும். யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். யூபிஎஸ்ஸில் ராஸ்பெர்ரி பையோடு ரவுட்டரையும் சேருங்கள். பை மட்டும் விழித்திருந்து பயனில்லை. ஓடும் போர்டு தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிவிடும். மழையில் நாலு நாள் அணைந்து கிடந்தால்தான் பின்கள் பச்சை பூக்கும். பேக்கப்புக்கு ஓடும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே காப்பி எடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலை வந்து சேரும். எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளைதான் சரி.

ஃபைபர் இணைப்பில், வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய பொது ஐபி முகவரி கிடைக்காவிட்டால், இணையத்தில் வாடகைக்கு எடுத்த விபிஎஸ் சர்வர் ஒன்றுக்கு வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பு இழுக்கலாம். வீட்டுப் பக்கம், இணைப்பை அவ்வப்போது தட்டி எழுப்பும் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' அமைப்பை 25 நொடி வையுங்கள். இல்லையென்றால் பேச்சில்லாத நேரத்தில் வழி அடைத்துக்கொள்ளும்.

இரண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பதிவுகள் தொலைவதில்லை. எதிர்ச் சர்வர்கள் இடைவெளி விட்டு விட்டு மறுபடி அனுப்பிப் பார்க்கும். மாஸ்டடான் 7 வெவ்வேறு நாட்கள் தோற்ற பிறகுதான் நம்மை விட்டுவிடும். மலைக்கு இந்த நிதானம் பொருந்துகிறது.

மனசுக்கு நிறைவாக இருப்பது, பார்வையற்றவர்களுக்காகப் படத்தோடு எழுதும் படவிளக்கம். கோடோசோஷியலின் கன்ஃபிக்கில் 'மீடியா டிஸ்கிரிப்ஷன் மின் சார்ஸ்' (விளக்கத்துக்குக் குறைந்தது எத்தனை எழுத்து வேண்டும் என்பது) இயல்பாக 0. அதை 20 ஆக்கினால் விளக்கமில்லாத படம் பதிவாகாது. எல்லோரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையேல் ஆப் கெட்டுப்போனதாக நினைப்பார்கள். 'மழை' என்று எழுதினால் பார்வையற்றவருக்கு எதுவும் கிடைக்காது. 'கட்டபெட்டு வளைவு, மதியம் மூணு மணி. பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. லைட் போட்ட பஸ் ஒன்று ஏறி வருகிறது' என்றால் அவரும் அந்த வளைவில் நிற்பார். நோட்டீஸ் படம் என்றால் அதில் உள்ள தேதி, இடம், நேரம் மொத்தத்தையும் தட்டச்சு செய்யத்தான் வேண்டும்.

டிடிபி சென்டரிலிருந்து, யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் வரும் வாசகத்தை அப்படியே ஒட்டினால், ஆண்ட்ராய்டில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் அதை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வாசிக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை காதால் கேட்டுவிட்டுப் பதிவிடுங்கள்.